வீட்டுத் தறிக்கு வேண்டிய நூலும் கருவிகளும்

வீட்டில் துணி நெய்யத் தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தத் தறியை வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, என்ன துணி வேண்டும், அதற்கு எந்த நூல் பொருந்தும் என்று யோசிக்கச் சொல்வது என் வழக்கம். தறி செய்வதெல்லாம் பாவு இழைகளை, அதாவது துணியின் நீளவாட்டில் ஓடும் இழைகளை, இழுத்துப் பிடித்து, அவற்றில் ஒரு பகுதியைத் தூக்கி, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவுக்கு வழிவிடுவதுதான். துணி மெல்லியதா கனமானதா, ஈரத்தை உறிஞ்சுமா, துவைத்தால் சுருங்குமா, ஆண்டுக்கணக்கில் உழைக்குமா என்பவற்றில் பெரும்பகுதியை நூலும், அந்த நூலை எவ்வளவு நெருக்கமாக நிறுத்துகிறோம் என்பதும் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே செலவு செய்ய வேண்டிய இடங்கள் பாவு நூலும், அந்த இழைகளைச் சீரான இடைவெளியில் நிறுத்தும் சீப்பு போன்ற அச்சும். மற்றக் கருவிகளில் பலவற்றை நல்ல குச்சிகளையும் பலகைகளையும் கொண்டு நாமே செய்துகொள்ளலாம்.

பாவு நூலும் குறுக்கே செல்லும் ஊடை நூலும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவை படும் பாடு வேறு. பாவு இழை நெசவு முடியும்வரை விறைப்பாக இழுபட்டபடியே இருக்கிறது. இழைகளைத் தூக்கும் விழுதின் கண்ணிலும் அச்சின் பற்களிலும் ஒவ்வொரு அடிக்கும் உராய்கிறது. ஊடை இழைக்கு அந்தத் துன்பமில்லை, ஒருமுறை குறுக்கே சென்று படிந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. இதனால்தான் மென்மையான, தளர்முறுக்குள்ள நூலை ஊடையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாவில் போட்டால் பாதி நெசவில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அறுந்துவிடும்.

எந்த நூலையும் பாவுக்கு எடுப்பதற்கு முன் நான் செய்து பார்க்கும் சோதனைகள் எளியவை. ஒரு முழ நீள நூலை இரு கைகளிலும் பிடித்து, முதலில் மெல்ல இழுத்து எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வெடுக்கென்று இழுக்க வேண்டும். நல்ல பாவு நூல் விரலில் பதியும் அளவுக்கு எதிர்த்து நின்று, அறும்போது ஒலியோடு அறும். ஓசையே இல்லாமல் இரண்டாக நழுவிப் பிரிந்தால் அதில் முறுக்குப் போதவில்லை என்று பொருள். அடுத்து, நூலை விறைப்பாக வைத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இருபது முப்பது முறை தேய்க்க வேண்டும். அந்த இடத்தில் சிறு மயிர்கள் எழும்பி உருண்டை கட்டத் தொடங்கினால், அச்சின் பற்களுக்கு இடையிலும் இதேதான் நடக்கும். அத்தகைய நூலைத் தவிர்க்க முடியாவிட்டால், நீர்த்த மாவுக் கஞ்சியில் தோய்த்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி விரித்து உலர்த்தி, அதன்பின் தறியில் ஏற்றலாம். கஞ்சி அந்த மயிர்களைப் படியவைத்து இழைக்கு ஒரு மேற்பூச்சைத் தருகிறது. நெய்து முடித்துத் துவைத்ததும் நீங்கிவிடுகிறது. ஒற்றைப் பிரி நூலைப் பாவாக ஓட்டுவோருக்குக் கஞ்சி மிக அவசியம். இரண்டு பிரிகளைச் சேர்த்து முறுக்கிய நூலுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது என்பதால், வீட்டில் நெய்வோர் பாவுக்கு இரு பிரி நூலையே எடுப்பது நல்லது.

நூலின் பருமனைக் குறிக்கும் நம்பரைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 840 கஜம் கொண்ட ஒரு சிட்டத்தை (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) அளவாகக் கொண்டு, ஒரு பவுண்டு எடையில் அத்தகைய சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றன என்பதே அந்த நம்பர். 20ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 20 சிட்டங்கள், 40 என்றால் 40 சிட்டங்கள். இரண்டு பிரி நூலை 2/20 அல்லது 20/2 என்று எழுதுவார்கள். 20ஆம் நம்பர் இழைகள் இரண்டு சேர்ந்திருப்பதால் அதன் உண்மையான பருமன் ஏறத்தாழ ஒற்றை 10ஆம் நம்பர் நூலுக்குச் சமம். ஒற்றை 1ஆம் நம்பர் பருத்தி நூல் கிராமுக்கு ஏறத்தாழ 1.69 மீட்டர் வரும். எந்த நம்பரையும் இந்த எண்ணால் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று தெரிந்துவிடும். லினன் நூலுக்கு 300 கஜச் சிட்டமும், நீள் இழைக் கம்பளி நூலுக்கு 560 கஜச் சிட்டமும் அளவாக இருப்பதால், பருத்தி நம்பரையும் லினன் நம்பரையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. பட்டுக்கும் செயற்கை இழைக்கும் கணக்கு தலைகீழ்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர், அதில் எண் ஏற ஏற நூல் தடிக்கும்.

இழை வகைகளில் பருத்தியைத்தான் தொடக்கக்காரர்களுக்கு முதலில் சொல்வேன். அது அளவாகவே நீளும், முடிச்சு நன்றாகப் பிடிக்கும், ஈரத்தில் பலம் குறைவதற்குப் பதிலாகக் கூடும், கொதிநீரைத் தாங்கும். பளபளப்பான பருத்தி நூலை மெர்சரைஸ் செய்த நூல் என்பார்கள். ஜான் மெர்சர் என்பவர் பருத்தியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தால் அது வலுப்பட்டுச் சாயத்தை நன்கு ஏற்கிறது என்று கண்டு 1850இல் காப்புரிமை பெற்றார். நனைக்கும்போது நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தால் பளபளப்பும் வருகிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. இந்த நூல் வழவழப்பாக இருப்பதால் அச்சில் உராய்வு குறைவு, வண்ணமும் அழுத்தமாகத் தெரியும். ஆனால் கை துடைக்கும் துணிக்கு நான் சாதாரணப் பருத்தி நூலையே தேர்வேன், ஏனெனில் பளபளப்பு நூல் தண்ணீரை அவ்வளவு விரைவாக உறிஞ்சுவதில்லை.

லினன் மிக உறுதியான இழை, ஆனால் நீளவே நீளாது. பாவில் ஓர் இழை சற்றுத் தளர்ந்திருந்தாலும் தறி அதைச் சமாளித்துக்கொள்ளாது, அது தொங்கியபடியே நிற்கும். காற்று வறண்டிருந்தால் லினன் மயிர் எழுப்பி முறியும். அதனால் ஊடை நூல் சுற்றிய தாரை ஈரத் துணியில் சுற்றி வைத்து நெய்வதும், பாவின் மேல் இலேசாக நீர் தெளிப்பதும் வழக்கம். கம்பளி இதற்கு நேர் எதிர். நன்றாக நீளும், ஏற்றத்தாழ்வுகளைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் ஈரத்தில் பலம் குறையும். கம்பளியைத் தறியில் சற்றுத் தளர்வாகவே நெய்ய வேண்டும். வெந்நீரில் கசக்கும்போது அதன் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று பற்றி இறுகுவதால், தறியில் வலைபோலத் தெரிந்த துணி துவைத்தபின் அடர்ந்துவிடும். அறுபடாத நீள் இழைப் பட்டு பாவுக்கு மிகச் சிறந்தது. ஆனால் வழுக்கும், விரல் நுனியின் சொரசொரப்பில்கூடச் சிக்கும், ஆகையால் கை பழகியபின் எடுப்பதே நல்லது. ரேயான் ஈரத்தில் பெரிதும் பலமிழக்கும் என்பதால் அதை ஊடையோடு நிறுத்திக்கொள்கிறேன். பின்னல் ஊசிகளுக்கென விற்கும் நூல்களில் பல மிக அதிகமாக நீள்வதால், அவற்றைப் பாவாக்கினால் துணி தறியிலிருந்து இறங்கியதும் திடீரெனக் குறுகிவிடும்.

அடுத்தது, அங்குலத்துக்கு எத்தனை இழை என்ற முடிவு. துணியின் தரத்தை இதைப் போல வேறெதுவும் மாற்றுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. தேர்ந்த நூலை ஓர் அளவுகோலின் மேல், இழுக்காமலும் இடைவெளி விடாமலும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி ஓர் அங்குல அகலத்துக்குச் சுற்றி, சுற்றுகளை எண்ண வேண்டும். 36 சுற்று வந்தால், சாதா நெசவுக்கு அதில் பாதியான 18 இழைகள் போதும். சாதா நெசவில் ஒவ்வொரு இரண்டு பாவு இழைகளுக்கு நடுவிலும் ஊடை ஒருமுறை கீழிருந்து மேலேயோ மேலிருந்து கீழேயோ போகிறது; அந்த ஊடைக்கும் ஓர் இழை அளவு இடம் வேண்டுமல்லவா? சாய்வரி நெசவில், ஊடை இரண்டு இழைகளைத் தாண்டித் தாண்டிச் செல்வதால், இடம் அவ்வளவு தேவையில்லை. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 இழைகள் நிறுத்தலாம். இந்தக் கணக்கு தொடக்கப் புள்ளிதான். கழுத்தில் போடும் துணி குழைவாக இருக்க வேண்டுமென்றால் சற்றுக் குறைக்கலாம், தரை விரிப்பு போன்றவற்றுக்குக் கூட்டலாம்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட முடியும். 2/8 பருத்தி நூல், அச்சில் 20 அங்குல அகலம், அங்குலத்துக்கு 18 இழை, துவைத்து முடிந்தபின் 2 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பாவில் 360 இழைகள். துவைப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்றால் 2.2 மீட்டர் நெய்ய வேண்டும். பாவு இழை ஊடையின் மேலும் கீழும் வளைந்து செல்வதால் இன்னொரு பத்தில் ஒரு பங்கு போகும், ஆக 2.4 மீட்டருக்குச் சற்று மேல். தறியின் முன்னும் பின்னும் கட்டுவதற்கும், நெய்ய முடியாமல் மிஞ்சுவதற்கும் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுக்கினால் 3.1 மீட்டர் பாவு. 360 இழைகளுக்கு 1,116 மீட்டர். இந்த நூல் கிராமுக்கு ஏறத்தாழ 6.8 மீட்டர் என்பதால் 165 கிராம் ஆகும். ஊடையும் அங்குலத்துக்கு 18 என்றால் ஏறத்தாழ 870 மீட்டர், 130 கிராம். மொத்தத்தில் 300 கிராமுக்கு அருகே வருகிறது; ஒரு சாயத் தொட்டி நூலுக்கும் அடுத்த தொட்டி நூலுக்கும் நிறம் மாறக்கூடும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே எடுத்து வைக்க வேண்டும். அகலமும் அப்படியே நில்லாது, 20 அங்குலம் துவைத்தபின் 17 அல்லது 18 ஆகும்.

இப்போது தறிக்கு வரலாம். துளையும் பிளவும் மாறி மாறி அமைந்த ஒற்றை அச்சுள்ள சிறு தறி, மேசை மேலும் மடி மேலும் வைத்து நெய்யக்கூடியது. அந்த அச்சே இழைகளைத் தூக்கவும் செய்கிறது, ஊடையைத் தட்டவும் செய்கிறது. இதைவிட எளிய தொடக்கம் இல்லை. ஆனால் அதன் எல்லைகளைத் தெரிந்து வாங்க வேண்டும். பெரும்பாலான அச்சுகள் அங்குலத்துக்கு 12 இழைகளோடு நின்றுவிடுகின்றன, அதற்கு மேல் நெருக்கம் வேண்டுமென்றால் இரண்டு அச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டும். மேலே கணக்கிட்ட துணிக்கும் அப்படித்தான். பாவையும் பெருந்தறி அளவுக்கு விறைப்பாக இழுக்க முடியாததால் லினனுக்கு அது ஏற்றதல்ல. இடுப்புத் தறிக்குச் சட்டமே கிடையாது. பாவின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டால், உடல் முன்னும் பின்னும் சாய்வதே விறைப்பைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. சில குச்சிகளும் ஒரு பட்டையும் போதும் என்பதால் எனக்கு இதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. விழுதுகளும் மிதிகளும் உள்ள பெருந்தறி நீள்துணிக்கும் நுண்ணூலுக்கும் பொருந்தும். நான்கு விழுதுக் கட்டுகள் இருந்தால் சாதா நெசவும் சாய்வரியும் அவற்றின் பல வேறுபாடுகளும் கைகூடும்.

பெருந்தறிக்கு அச்சு வாங்கும்போது அதன் நம்பர் எந்த முறையில் எழுதப்பட்டுள்ளது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டாக்போர்ட் முறையில் 2 அங்குலத்தில் உள்ள பல் இடைவெளிகளின் எண்ணிக்கையே நம்பர். இடைவெளிக்கு இரண்டு இழை வீதம் கோத்தால் அந்த நம்பரே அங்குலத்துக்கான இழை எண்ணிக்கையாகிவிடும் என்பது அதன் வசதி. வேறு முறைகளில் ஓர் அங்குலத்துக்கு அல்லது 10 சென்டிமீட்டருக்கு எண்ணுவார்கள். ஒரே அச்சை வைத்துக்கொண்டு பல நெருக்கங்களைப் பெறவும் முடியும். அங்குலத்துக்கு 12 இடைவெளி உள்ள அச்சில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றிக் கோத்தால் 18 இழை கிடைக்கிறது. தறியில் மெல்லிய கோடுகள் தெரிந்தாலும் துவைத்ததும் இழைகள் இடம் மாறிப் படிந்து கோடுகள் மறைந்துவிடும். அச்சு துருப்பிடிக்காத உருக்கால் ஆனதாக இருப்பதே நல்லது, துருவேறிய ஒரு பல் தன் இடத்தில் வரும் இழையைத் திரும்பத் திரும்ப அறுக்கும்.

பாவு ஓட்டுவதற்கு, அதாவது பாவு இழைகளை ஒரே நீளத்தில் வரிசையாக அளந்தெடுப்பதற்கு, தனிக் கருவி வாங்க வேண்டிய அவசியமில்லை. கனமான பலகையில் அசையாமல் நிற்கும் முளைகள் சில இருந்தால் போதும். முளைகளுக்கிடையே நூலைக் கொண்டுசென்று திரும்புகையில், ஒரு முனைக்கு அருகில் உள்ள இரண்டு முளைகளில், போகும்போது ஒன்றன் மேலும் வரும்போது அதன் கீழுமாக நூலைச் சுற்றினால், இழைகள் ஒன்றுவிட்டு ஒன்று கத்தரிமாறலாகக் குறுக்கிடும். பாவின் உயிர்நாடியே இந்தக் கத்தரிமாறல்தான். இழைகளின் வரிசை கலையாமல் இருப்பது இதனால். விழுதில் கோக்கும்போது அடுத்த இழை எது என்று தேடாமல் எடுப்பதும் இதனால். பலகையிலிருந்து பாவை எடுப்பதற்கு முன், குறுக்கிடும் இடத்தின் நான்கு பக்கங்களிலும் வேறு நிற நூலால் தனித்தனியே கட்டிவிட வேண்டும். பாவின் நீளத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒருமுறை இறுக்கமாக ஒரு கட்டும் போட வேண்டும். பிறகு கட்டிய இடத்தில் இரண்டு வழுவழுப்பான குச்சிகளை நுழைத்து, குச்சிகளின் முனைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், யார் கைப்பட்டாலும் வரிசை குலையாது.

பாவை உருளையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் தடித்த தாளையோ மெல்லிய மரப்பட்டிகளையோ வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மேற்சுற்று இழைகள் கீழ்ச்சுற்றுக்குள் புதையும், ஓரத்து இழைகள் சரியும், சில இழைகள் விறைத்தும் சில தளர்ந்தும் நிற்கும். நெசவில் வரும் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் ஊடை வீசும் கையில் இல்லை, பாவு சுற்றிய விதத்தில் இருக்கிறது. இன்னொருவரை எதிரில் நிறுத்திப் பாவைச் சீராக இழுத்துப் பிடிக்கச் சொல்லி உருளையைத் திருப்பினால் இந்த வேலை மிக நன்றாக அமையும்.

நாடாவில் இரு வகை. இரு முனைகளிலும் வெட்டுள்ள தட்டையான பலகை நாடா சிறு தறிக்குப் போதும். அகலத்தைவிடச் சற்று நீளமாக இருந்தால் ஒரே நீட்டில் மறுபக்கம் வந்துவிடும். படகு வடிவ நாடாவின் வயிற்றில் தார் உட்கார்ந்து நூலைத் தானே விடுகிறது, வேகமும் சீரும் கூடுகின்றன. தார் சுற்றுவதில்தான் கவனம் தேவை: சிட்டத்தைச் சுழலும் சட்டமான பரிவட்டத்தில் மாட்டி, ராட்டையில் விறைப்பாகவும், நடுவில் பருத்து முனைகளில் மெலிந்தும் வரும்படி சுற்றினால், நூல் எங்கும் தட்டாமல் ஓடும். தளர்ந்த தார் நடுவில் சிக்கி ஓரத்தை உள்ளே இழுத்துவிடும். 1733இல் ஜான் கே காப்புரிமை பெற்ற, கயிற்றை இழுத்தால் ஓடும் நாடா, கை எட்டாத அகலத்துக்காக உருவானது. 60, 70 சென்டிமீட்டர் துணி நெய்யும் வீட்டுத் தறிக்குக் கை வீச்சே போதுமானது.

துணி நெய்ய நெய்ய உள்நோக்கி இழுபடுவது இயல்பு. ஊடையை நேராக இழுத்து வைக்காமல் வில் போல வளைத்து விட்டு, அதன்பின் அச்சால் தட்டினால் இது பெருமளவு குறையும். அதன் பிறகும் ஓர இழைகள் அச்சில் தேய்ந்து அறுந்தால், இரு முனைகளிலும் முட்கள் உள்ள விரிகோலைத் துணியில் பொருத்தி, சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை முன்னே நகர்த்திக்கொண்டே வர வேண்டும். அச்சில் நூல் கோக்கும் கொக்கியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையில் ஒரு வெட்டுப் போட்டே செய்துகொள்ளலாம். அளவு நாடா, கூர்மையான கத்தரிக்கோல், மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசி, சில குண்டூசிகள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

குண்டூசி வேண்டியது அறுந்த பாவு இழைக்காக. இழை அறுந்ததும், அதே நூலில் ஒரு முழத்துக்கும் மேலான துண்டை எடுத்து, அறுந்த இழை போன அதே விழுதுக் கண்ணிலும் அதே அச்சுப் பல்லிலும் கோக்க வேண்டும். முன்முனையை, நெய்த துணியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே குத்திய குண்டூசியில் எட்டு வடிவில் சுற்ற வேண்டும். பின்முனையை அறுந்த இழையின் பின்பகுதியோடு சுருக்கு முடிச்சாகக் கட்டி, பக்கத்து இழைகளின் விறைப்புக்குச் சமமாக்கி, நெசவைத் தொடரலாம். பழைய இழை விளிம்பை எட்டும் அளவுக்குப் பாவு முன்னேறியதும் முடிச்சை அவிழ்த்து, பழைய இழையையே கண்ணில் கோத்து மறுபடி குண்டூசியில் நிறுத்திவிடலாம். மிஞ்சும் முனைகளை, துணி இறங்கியபின் ஊசியால் துணிக்குள்ளேயே செலுத்தி, துவைத்து முடித்ததும் வெட்ட வேண்டும். துவைப்பதற்கு முன் வெட்டினால் இழை சுருங்கி அங்கே சிறு துளை தோன்றும்.

தறியிலிருந்து இறங்கிய துணி இன்னும் முழுமையான துணி ஆகவில்லை. பருத்தியையும் லினனையும் வெந்நீரில் நன்றாகத் துவைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். அப்போதுதான் இழைகள் தத்தம் இடத்தில் அமரும். கம்பளியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கையால் அமுக்கி அமுக்கி, ஒவ்வொரு நிமிடமும் தடவிப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், ஏனென்றால் இறுகியதை மறுபடி தளர்த்த வழியில்லை. இதற்காகவே பாவின் தொடக்கத்தில் ஒரு சாண் நீளம் மாதிரி நெய்து, வெட்டித் துவைத்து, நூலின் நம்பர், இழை நெருக்கம், துவைப்பதற்கு முன்னும் பின்னுமான அளவுகள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதோடு தைத்து வைக்கிறேன். அதே நூலில் அடுத்த துணிக்குக் கணக்குப் போடும்போது, பொதுவான பத்தில் ஒரு பங்கு என்ற ஊகத்தை விட்டுவிட்டு அந்தச் சீட்டில் உள்ள உண்மையான சுருக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த துணிக்கும் அதே நெருக்கமும் அதே எண்ணிக்கையும் என்றால், பழைய பாவின் கடைசிப் பகுதியை விழுதிலும் அச்சிலுமிருந்து உருவி எடுக்கக் கூடாது. துணியை அச்சுக்கு முன்னால் ஒரு சாண் விட்டு வெட்டி, மீந்த இழைகளைக் கொத்துக் கொத்தாக முடிந்து, அவற்றின் பின்முனைகளோடு புதுப் பாவின் இழைகளை வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் பிணைக்கலாம். 360 இழைகளைக் கண்ணிலும் பல்லிலும் மறுபடி கோக்கும் வேலை இல்லாமல் போகும். பிணைப்புகள் விழுதைத் தாண்டும்போது மட்டும் பாவைத் தளர்த்தி, சிறு சிறு பகுதியாக மெல்ல இழுக்க வேண்டும்.